பித்தளைக் கோட்டுக்கு இங்காலை

ராடன்தால் என்று சொன்னால் ஜேர்மன்காரரே "அது எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. நாட்டின் கிழக்கு மூலையில், நைசே ஆற்றங்கரையில், போலந்தும் செக் நாடும் வந்து முட்டுகிற இடத்தில் அந்த ஊர் கிடக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு இளவட்டங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள். கடைத்தெருவில் பாதிக் கடைகளின் கண்ணாடிக்கு உட்புறம் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கும். ரயில் வரத்தான் செய்கிறது, ஆனால் வருவதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் யோசித்துவிட்டு வருகிறது.

இந்த ஊருக்குத்தான் சுபானி வேலைக்கு வந்தாள். ஹம் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் மகேந்திரராஜா எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கி, எல்லையைத் தாண்டி மேற்கு பெர்லினுக்குள் புகுந்து, அகதியாகப் பதிந்து, இன்று ஹம்மில் சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த மகள் பிராங்பேர்ட்டிலோ மியூனிக்கிலோ ஒரு வங்கியில் குந்துவாள் என்று அவர் கனவு கண்டுகொண்டிருக்க, அவள் காக்காய்கூட எட்டிப்பார்க்காத எல்லையோரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் வர்த்தக அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தாள். அண்டை நாடுகளோடு வியாபாரத்தை வளர்ப்பது அவளுடைய பொறுப்பு. "அங்கை வளர்க்கிறதுக்கு என்ன கிடக்கு, புல்லைத் தவிர?" என்று தகப்பன் கேட்டார். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் ஒரு காரியத்தைச் செய்து முடித்துத்தான் அவளுக்கு ஆறும்.

அவள் கையிலெடுத்த காரியம் பாலத்துச் சந்தை. ஊரின் நடுவே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. இந்தக் கரை ஜேர்மனி, அந்தக் கரை போலந்து. பாலத்தின் நடுவில் பித்தளையில் ஒரு கோடு பதித்திருக்கிறார்கள், அதுதான் எல்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அந்தப் பாலம் முழுக்கக் கடை போடவேண்டும், செக் நாட்டுத் தேனும் கண்ணாடியும், போலந்தின் நீலப்பூச் சட்டிகளும், இந்தக் கரையின் ஊறுகாய் வெள்ளரியும் லினன் துணியும் ஒரே வரிசையில் விற்கவேண்டும் என்பது அவள் எண்ணம். கேட்பதற்கு இலேசான விஷயம். ஆனால் அது அவளை இரண்டு வருடம் தண்ணி குடிக்கவைத்தது.

மூன்று நாட்டு அதிகாரிகளை ஒரு மேசையில் உட்காரவைத்து உடன்படிக்கை எழுதுவது என்றால் சும்மாவா? கோட்டுக்கு அந்தப் பக்கம் விற்ற வெள்ளரிக்காய்க்கு எந்த நாட்டு வரி என்று ஒரு சண்டை. குப்பைத் தொட்டியை யார் காலி செய்வது என்று இன்னொரு சண்டை. செக் தேனுக்குச் சுகாதாரச் சான்றிதழ் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்று ஒரு மாதம் போனது. கடைசியாக நாய்களுக்காக இழுபட்டது. சந்தைக்கு வருகிறவர்கள் நாயோடு கோட்டைத் தாண்டினால் தடுப்பூசி அட்டை காட்டவேண்டுமா, வேண்டாமா? சந்தை நேரத்தில் வேண்டாம் என்று முடிவாகி, அதற்கும் ஒரு பிரிவு எழுதினார்கள். அந்த நேரம் எல்லையில் மறுபடியும் பொலிஸ் சோதனை தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பச்சை, நீலச் சட்டைக்காரர்கள் நின்றார்கள். அப்படியான காலத்தில் பாலத்தில் சந்தை நடத்த அனுமதி வாங்கியதைப் பெரிய வெற்றி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதற் சந்தை நன்றாக நடந்தால் மூன்று வருடத்துக்குப் பணம் ஒதுக்குவதாக மாவட்டத் தலைவர் வாக்குக் கொடுத்தார்.

முதற் சந்தைக்கு ஒரு புதுமை வேண்டும் என்று யாரோ சொல்ல, சுபானி தகப்பனுக்குப் போன் எடுத்தாள். கொத்துரொட்டிக் கடை ஒன்று போடுவீர்களா என்று கேட்டாள். புல்லைத் தவிர ஒன்றுமில்லை என்று சொன்ன மனிதர் மறுநாளே வாடகை வான் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அவருக்குத் தோள்மூட்டில் ஒப்பரேஷன் செய்திருந்தது. தகரத்தில் இரண்டு கத்தியால் மணிக்கணக்கில் கொத்த அவரால் முடியாது.

அதற்குத்தான் மிதுஷன் வந்தான்.

ராடன்தாலில் சுபானியைத் தவிர இருந்த ஒரே தமிழன் அவன். முப்பத்தொரு வயது. கிளிநொச்சியில் மனைவியையும் பேசத் தொடங்கியிருந்த ஒரு மகளையும் விட்டுவிட்டு, இலங்கையில் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற காலத்தில் புறப்பட்டு வந்தவன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, கையில் இப்போது ஒரு டுல்டுங் வைத்திருந்தான். டுல்டுங் என்பது குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஒரு கடதாசி. தங்குவதற்கு அனுமதி என்று அதில் எங்கும் இருக்காது. உன்னை இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று அது சொல்லும்.

ஊர்ச் சாப்பாட்டு விடுதியில் அவன் சட்டி கழுவப் போனான். விடுதிக்காரி அவன் கைப்பக்குவத்தைப் பார்த்து மெல்ல அடுப்படிக்கு ஏற்றினாள். செப்டெம்பரில் முறையான சமையல் அவுஸ்பில்டுங் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாள். அந்தப் பயிற்சி தொடங்கிவிட்டால் படித்து முடிக்கும்வரை அவனை எவரும் அசைக்க முடியாது. முடித்தபின் வதிவிட அனுமதி, அதன்பின் மனைவியும் மகளும். மிதுஷனின் முழு வாழ்க்கையும் அந்தச் செப்டெம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரேயொரு நிபந்தனை, அதுவரை டுல்டுங் இடைவெளியில்லாமல் உயிரோடு இருக்கவேண்டும். அதைக் கொல்லுவதற்குப் பெரிய குற்றம் ஒன்றும் தேவையில்லை. நாட்டை விட்டு வெளியே ஓரடி வைத்தால் போதும், அது தானாகவே செத்துவிடும்.

இது சுபானிக்குத் தெரியும். அவளே சட்டத்தை எடுத்து வாசித்து, அவனுக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். சந்தைக்கு முதல்நாள் வெறும் பாலத்தில் அவனைக் கூட்டிப்போய் அந்தக் கோட்டைக் காட்டினாள்.

"இதுதான் மிதுஷன். இதுக்கு இங்காலை நீ என்ன செய்தாலும் பிரச்சினையில்லை. அங்காலை காலே வைக்கக்கூடாது."

"ஓம் அக்கா. எனக்கு அங்காலை என்ன அலுவல்?" என்று அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "கடை எந்தப் பக்கம் போடுறீங்கள்?" என்று கேட்டான்.

"எங்கடை பக்கத்திலைதான். கரையிலையிருந்து ரெண்டாவது கடை. கோடு உனக்குக் கண்ணிலையே படாது."

அவள் சொன்னபடியே கடையை நல்ல தூரத்தில்தான் போட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தவள் அவள். பிழை அங்கே நடக்கவில்லை.

சனிக்கிழமை காலை வெயில் அடித்தது. ராடன்தாலில் இவ்வளவு சனம் இன்னும் இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரருக்கே ஆச்சரியம். செக் நாட்டுத் தேன்காரி விடியமுன்னரே வந்து போத்தல்களை அடுக்கியிருந்தாள். அந்தக் கரையிலிருந்து போலந்துச் சனம் பிள்ளைவண்டிகளையும் தள்ளிக்கொண்டு வந்தது, இந்தக் கரையிலிருந்து ஜேர்மன் கிழவர்கள் சட்டி வாங்கப் போனார்கள். நாய்களும் போய்வந்தன. எவரிடமும் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. சுபானி பாலத்தின் இந்த முனையில் நின்று அதைப் பார்த்தாள். இரண்டு வருட அலைச்சல் அவள் கண்முன்னே நடந்து திரிந்தது.

மகேந்திரராஜா ஹம்மிலிருந்து வரும்போதே தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். புதுக் கடை, புது அடுப்பு, பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய் அடிக்காமல் அவர் நெருப்பு மூட்டமாட்டார். வாடகை வானின் சில்லுக்குக்கூட எலுமிச்சம்பழம் வைத்த மனிதர் அவர். தோள் சரியில்லை என்பதால் அடிக்கிற வேலை மிதுஷனுக்கு வந்தது. அவன் கடைவாசலிலேயே அடிக்க ஆயத்தமானான். நடைபாதைக் கல்லொன்றைக் கழுவி வைத்து, சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் மாவட்டத் தலைவரின் பத்திரிகைத் தொடர்பாளன் சுபானியின் காதில் வந்து சொன்னான், தொலைக்காட்சிக்காரர் வந்திருக்கிறார்கள், இந்தத் தேங்காய் உடைப்பதைப் பாலத்தின் நடுவில் வைத்துச் செய்தால் மூன்று நகரத் தலைவர்களும் பின்னணியில் நிற்பார்கள், அருமையான படம். சுபானி ஒரு கணம் யோசித்தாள். அது உண்மையிலேயே அருமையான படந்தான். மூன்று நாடு, ஒரு தேங்காய்.

"மிதுஷன், நடுவிலை வந்து அடிக்கிறியா? கமெரா வந்திருக்கு."

அவன் தயங்கினான். "இஞ்சையே அடிக்கிறனே அக்கா."

"கோட்டுக்கு இங்காலைதான். நான் பக்கத்திலை நிக்கிறன். ஒண்டும் நடவாது."

அக்கா சொன்னால் அவன் மறுக்கமாட்டான். அண்ணையின் மகள் அவனுக்கு அக்காதான். தகப்பனை அண்ணை என்றும் மகளை அக்கா என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவது இந்த நாட்டுத் தமிழருக்குள் குற்றமில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு நடுப்பாலத்துக்குப் போய், கோட்டுக்கு நன்றாக உள்ளே வைத்தான். பாலம் நடுவில் முதுகு உயர்ந்தது. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிவு.

கற்பூரம் கொளுத்தினார்கள். கமெராக்காரன் முழங்காலில் இருந்தான். மிதுஷன் தேங்காயை இரண்டு கையாலும் தலைக்குமேலே தூக்கி, கண்ணை மூடி, என்ன வேண்டினானோ, ஓங்கி அடித்தான்.

தேங்காய் உடையவில்லை. கல்லின் விளிம்பில் பட்டுத் துள்ளியது. பித்தளைக் கோட்டுக்கு மேலாகப் பறந்து அந்தப் பக்கச் சரிவில் விழுந்து உருளத் தொடங்கியது. சனம் சிரித்தபடி வழிவிட்டது. ஒரு போலந்துப் பிள்ளை கைதட்டியது.

உடையாத தேங்காய் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பெரிய அபசகுனம். அதை அப்படியே விடக்கூடாது, காலில் பட விடக்கூடாது, அடித்தவனே எடுத்து உடனே அடித்து முடிக்கவேண்டும். இதை எவரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. தேர்முட்டியிலும் கோயில் வாசலிலும் பார்த்துப் பார்த்து உடம்பில் ஊறிய விஷயம். மூளை ஒரு முடிவுக்கு வருமுன்னர் கால் ஓடிவிடும். "ஐயோ, எடடா, எடு எடு!" என்று பின்னாலிருந்து மகேந்திரராஜா கத்தினார். ஷோனெஃபெல்டில் இறங்கி, எல்லைக் கோடு என்றால் என்னவென்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்த மனிதர் கத்தினார். சுபானியும் தேங்காயைத்தான் பார்த்தாள். யாரும் மிதிக்கமுன்னர் அதை எடுக்கவேண்டும் என்ற பதற்றம் மட்டுமே அந்தக் கணம் அவளுக்கு இருந்தது. கோடு அவள் ஞாபகத்துக்கு வந்தபோது மிதுஷன் அதைத் தாண்டிச் சரிவில் பாதி தூரம் ஓடியிருந்தான்.

"மிதுஷன்!" என்று கத்தினாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தேங்காய் போலந்து எல்லைக்காவலன் ஒருவனின் சப்பாத்தில் போய் முட்டி நின்றது. இளம் பெடியன், நல்ல மனதுக்காரன். குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, சிரித்துக்கொண்டே மிதுஷனிடம் நீட்டினான். மிதுஷனும் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் வந்து நின்ற ஒரு கறுத்த மனிதனைப் பார்த்ததும் காவலனின் கை பழக்கதோஷத்தில் நீண்டது. பாஸ்போர்ட்? காலையிலிருந்து அந்த வழியால் போன அத்தனை சனத்திடமும் அவன் கேட்காத கேள்வி அது.

மிதுஷன் வேறென்ன செய்வான்? மடித்து மடித்துத் தேய்ந்த அந்தக் கடதாசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சிவப்புக் கோடு போட்ட அந்த வகைக் கடதாசியை அந்தப் பெடியன் முன்பின் கண்டதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, விபரத்தைத் தன் கருவியில் பதிந்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற ஜேர்மன் பொலிஸ்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

வந்தவர் நோவாக். ராடன்தாலிலேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற அதிக காலம் இல்லாதவர். விடுதியில் மிதுஷன் சமைப்பதை வாராவாரம் சாப்பிடுகிறவர். கடதாசியை வாங்கி வாசித்தார். மிதுஷன் நின்ற இடத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அவருடைய முகம் விழுந்துபோனது. அவனைத் தோளில் தொட்டு இந்தப் பக்கம் கூட்டிவந்தார். தேங்காய் இன்னும் மிதுஷனின் கையில் இருந்தது.

சுபானி ஓடிப்போய் அவர்கள் முன்னால் நின்றாள். நோவாக் அவளைச் சற்று ஒதுக்கமாக அழைத்து, ஜேர்மனில், மிக மெதுவாகப் பேசினார்.

"அந்தக் கரையில் பதிவாகிவிட்டது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இவர் நாட்டை விட்டு வெளியேறி மீண்டும் நுழைந்திருக்கிறார் என்று நான் எழுதவேண்டும்." பேனையை அவர் இன்னும் எடுக்கவில்லை. "ஆனால் இந்தச் சந்தைக்கு ஓர் உடன்படிக்கை இருக்கிறது அல்லவா? நீங்கள் எழுதியது. சந்தை நேரத்தில் வியாபாரிகளும் அவர்களுடைய உதவியாளர்களும் பாலம் முழுக்க நடமாடலாம் என்று அதில் இருந்தால், நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அப்படி இருக்கிறதா?"

அவரிடம் உடன்படிக்கையின் பிரதி இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் கேள்வி கேட்கவில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

சுபானிக்கு அந்த உடன்படிக்கை தலைகீழாகப் பாடம். வெள்ளரிக்காய்க்குப் பிரிவு இருந்தது. தேனுக்கு இருந்தது. குப்பைக்கும், மின்சார வயருக்கும், ஏன், நாய்க்கும் இருந்தது. மனிதருக்கு இல்லை. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரிடமும், அவளிடமும், போகவர ஒரு நல்ல பாஸ்போர்ட் இருந்தது. ஆகவே அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மிதுஷனைத் தெரிந்திருந்த அவளுக்கும் தோன்றவில்லை.

அவள் என்ன மாதிரி வளர்ந்தாள் என்பதை இங்கே சொல்லவேண்டும். பத்து வயதிலிருந்து அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். எந்த அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், என்றாலும் தகப்பனுக்கும் அதிகாரிக்கும் நடுவில் உள்ள கதிரையில் அவளை இருத்துவார்கள். மகேந்திரராஜா அகதி விசாரணையில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு திகதியை மாற்றிச் சொல்லி, அது பிடிபட்டு, வருடக்கணக்கில் அவதிப்பட்டவர். அதனால் ஒவ்வொரு முறையும் வாசற்படியில் வைத்து மகளுக்கு ஒரே புத்திமதிதான்: "அவங்கள் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லு பிள்ளை. ஒரு சொல்லும் கூட்டாதை, குறையாதை." அகதிப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பயிற்சி உண்டு. சீருடைக்காரன் கேட்டால் வாய் தானாகவே உண்மையைச் சொல்லும். யோசிக்க இடம் வைத்தால்தானே பொய் வரும்?

"இல்லை," என்றாள் சுபானி. "அப்படி ஒன்றும் இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நோவாக் இன்னும் சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், அவள் திருத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்தவர் போல. அவள் வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டாவது பொலிஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். நோவாக் தலையை ஆட்டிவிட்டுப் பேனையை எடுத்தார்.

மிதுஷன் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். "என்னவாம் அக்கா?"

அதையும் அவள்தான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. "உன்ரை டுல்டுங் முடிஞ்சுதாம் மிதுஷன். நீ வெளியிலை போனபடியாலை."

"நான் தேங்காய் எடுக்கத்தானே போனனான்?" அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "எடுத்துக்கொண்டு உடனை திரும்பி வந்திட்டன். அவையளுக்குச் சொல்லுங்கோ அக்கா. திரும்பி வந்திட்டன் எண்டு சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். நோவாக் கேட்டுக்கொண்டார். எழுதுவதை நிறுத்தவில்லை.

சற்றுத் தள்ளி நின்ற மகேந்திரராஜா தோளைப் பிடித்தபடி கிட்ட வந்தார். நோவாக்கின் கேள்வியும் மகளின் பதிலும் அவர் காதில் விழுந்திருந்தன. இத்தனை வருட ஜேர்மனியில் அவ்வளவு ஜேர்மன் அவருக்கு விளங்கும்.

"இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார்.

"அப்பா, நீங்கள்தானே..." என்று தொடங்கினாள். அந்த வசனத்தை முடிக்க அவளால் ஏலவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மிதுஷனை வாகனத்துக்குக் கூட்டிப்போனார்கள். விலங்கு இல்லை, கைபிடித்து இழுக்கவில்லை, மரியாதையாகத்தான். போகும்போது தேங்காயைக் கல்லுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனான். சந்தையில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ நடந்ததாகவே தெரியாது. கண்ணாடிக்காரன் விற்றுக்கொண்டிருந்தான். பத்திரிகைத் தொடர்பாளன் வந்து சுபானியின் முழங்கையைத் தொட்டான், தலைவர் பேசி முடித்துவிட்டார், இனி உங்கள் உரை, மூன்று நகரத் தலைவர்களும் காத்திருக்கிறார்கள்.

அவள் மேடைக்குப் போனாள். இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனாலும் போனாள். போகமாட்டேன் என்று நின்றிருக்கலாம், ஒலிவாங்கியில் நடந்ததைப் போட்டு உடைத்திருக்கலாம். அப்படியெல்லாம் பிறகு இரவும் பகலும் நினைத்துப் பார்த்தாள். அந்த நேரம் செய்தது இதுதான். ஆயத்தம் செய்துவைத்திருந்த உரையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தாள். "இன்று இந்தப் பாலத்தில் எல்லை என்று ஒன்று இல்லை" என்ற வசனம் அதில் இருந்தது. அதை வாசிக்கும்போது பொலிஸ் வாகனம் கரையிலிருந்து புறப்பட்டுச் சந்தியில் திரும்பியது. சனம் கைதட்டியது. செக் நாட்டுத் தேன்காரி அழுதாள், மகிழ்ச்சியில்.

கொத்துரொட்டிக் கடை அன்று திறக்கவில்லை. மகேந்திரராஜா பாத்திரங்களை வானில் ஏற்றிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் ஹம்முக்குத் திரும்பினார்.

அதன்பிறகு சுபானி சும்மா இருந்தாள் என்று எவரும் சொல்ல முடியாது. டிரெஸ்டனில் வழக்கறிஞர் பிடித்தாள். விடுதிக்காரி கண்ணீரோடு வந்து சாட்சி சொன்னாள். நோவாக்கும்கூட, தான் கண்டதைத் தேங்காயோடு சேர்த்து விளக்கமாக எழுதிக் கொடுத்தார். எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் டுல்டுங்கில் இடைவெளி விழுந்துவிட்டது, இடைவெளியில்லாத நாட்களின் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும், செப்டெம்பருக்கு அது போதாது. அவுஸ்பில்டுங் அனுமதி மறுக்கப்பட்டது. அன்று பாலத்தில் "இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அது மிதுஷனைக் காப்பாற்றியிருக்குமா என்று அவள் வழக்கறிஞரிடம் கேட்டாள். காப்பாற்றியிருக்கலாம், ஒரு வாரத்தில் பிடிபட்டு இரண்டு பேரும் மாட்டியிருக்கவும் கூடும், தெரியாது என்றார் அவர். தெரியாது என்ற அந்தப் பதில்தான் அவளைத் தின்றது. தெரிந்திருந்தால் ஒரு பக்கமாக அழுது முடித்திருப்பாள்.

மார்கழியில் மிதுஷனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

சந்தைக்கு மூன்று வருடப் பணம் கிடைத்தது. சுபானி வேலையை விடப்போவதாக எழுதி, பிறகு கிழித்துப்போட்டாள். அதற்குப் பதிலாக மீண்டும் மூன்று நாட்டு அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினாள். கோபம் வந்தால் காரியத்தை முடிக்கிறவள் என்று சொன்னேனே, இந்த முறை கோபம் முழுக்க அவள்மேலேயே இருந்தது. ஒற்றைக்காலில் நின்று, பெர்லின்வரை போய், உடன்படிக்கையில் ஒரு புதிய பிரிவைச் சேர்ப்பித்தாள். சந்தை நேரத்தில் வியாபாரிகளும் உதவியாளர்களும், அவர்கள் கையில் எந்தக் கடதாசி இருந்தாலும், பாலம் முழுக்க நடமாடலாம், அது நாட்டை விட்டு வெளியேறுவதாகக் கொள்ளப்படாது. சித்திரையில் அது நடைமுறைக்கு வந்தது. அகதி முகாமிலிருந்து ஒரு எரித்திரியப் பெண் காப்பிக் கடை போட்டாள். சீனி தீர்ந்துபோனால் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் வாங்கிவந்தாள். நோவாக் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை சந்தையின் நடுவே சுபானியின் கைபேசி அடித்தது. கிளிநொச்சியிலிருந்து மிதுஷன். அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். பின்னால் தட்டுமுட்டுச் சத்தம், ஒரு சின்னப் பிள்ளையின் குரல். சுகம் விசாரித்தான். அண்ணையின் தோள் எப்படி என்று கேட்டான். அவனிடம் கோபம் இருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"என்ன அக்கா, சனச் சத்தம் கேக்குது. சந்தையிலையோ நிக்கிறீங்கள்?"

"சந்தையிலைதான் மிதுஷன்."

"அந்தப் பிரிவு போட்டாச்செண்டு விடுதிக்காரம்மா சொன்னவ." பிறகு கேட்டான். "அப்ப, இப்ப என்னைப்போலை ஆக்களும் அங்காலை போயிட்டு வரலாமோ?"

அவளுக்கு முன்னால் பித்தளைக் கோடு வெயிலில் கிடந்தது. எரித்திரியப் பெண் கையில் சீனிப் பையோடு அதன்மேலாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஓம்," என்றாள் சுபானி.

நோவாக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காலையில் அவள் வாயிலிருந்து வந்திருக்கவேண்டிய சொல் அது. இன்று உண்மையாகிவிட்டதால் சுலபமாக வந்தது.

"நல்லது அக்கா," என்றான் மிதுஷன். "சரியான நல்லது."